மெமரியைத் தொடுமுன் மீட்டரை எடுங்கள்

பின்புற புரொஜெக்‌ஷன் டி.வி. ஒன்று கன்வெர்ஜென்ஸ் கோளாறோடு பெஞ்சுக்கு வந்தால் நம் தொழிலில் அடிக்கடி நடப்பது இது. சிவப்பும் நீலமும் பச்சையை விட்டு விலகி நிற்கின்றன. மெக்கானிக் ரிமோட்டை எடுத்து நேராக சர்வீஸ் மோடுக்குள் போகிறார். கட்டக் கோடுகளை வரவழைத்து, விலகிய நிறத்தை அம்புக்குறிப் பட்டனால் இழுத்துப் பார்க்கிறார். நடுப்பகுதி ஓரளவு சேர்கிறது, ஓரங்கள் சேரவில்லை. இவ்வளவாவது வந்ததே என்று ‘சேவ்’ கொடுத்துவிடுகிறார். தொழிற்சாலையில் பதிந்து அனுப்பிய திருத்தங்கள் அத்தோடு போயின. பிறகு நல்ல ஐ.சி. போட்டாலும் படம் சேராது. பழுதான ஆம்ப்ளிஃபையருக்கு ஏற்றபடி வளைத்து எழுதிய அளவு, நல்ல ஆம்ப்ளிஃபையர் வந்ததும் கோட்டை எதிர்ப்பக்கம் வளைக்கும்.

அந்தத் தரவுக்கு வேறு எங்கும் நகல் கிடையாது. ஒவ்வொரு செட்டிலும் குழாய் உட்கார்ந்த கோணம், யோக்கின் சுற்று, லென்ஸ், கண்ணாடி எல்லாம் இம்மி இம்மியாக மாறும். அந்த ஒரு செட்டைத் திரையில் பார்த்துப் பார்த்து எழுதியது அது. அதே மாடலில் இன்னொரு செட்டிலிருந்து எடுத்துப் போட்டால் கிட்டத்தட்ட வருமே தவிரப் பொருந்தாது. ஆகவே என் கருத்தைக் கறாராகவே சொல்கிறேன்: ஆறு சேனலும் சரியாக ஓடுகின்றன என்று மீட்டர் சொல்லும்வரை சர்வீஸ் மோடில் ‘சேவ்’ பட்டனைத் தொடக்கூடாது.

எதற்கு ஆறு சேனல் என்று இத்தொழிலுக்குப் புதியவர்கள் கேட்கிறார்கள். சி.ஆர்.டி. வகை செட்டுக்குள் மூன்று தனித்தனிக் குழாய்கள், பெரும்பாலும் 7 அங்குலம், உயர்ந்த மாடல்களில் 9 அங்குலம். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை, ஒன்று நீலம். பச்சை நடுவில் திரைக்கு நேராக நிற்கும். மற்ற இரண்டும் பக்கவாட்டிலிருந்து சாய்வாக வீசுவதால் அவற்றின் படம் ஒரு பக்கம் உயரமாகவும் மறுபக்கம் குட்டையாகவும் விழும். சிவப்பு ஒரு பக்கம் சரிந்தால் நீலம் எதிர்ப்பக்கம் சரியும். நேரே நிற்கும் பச்சையிலும் ஓரக் கோடுகள் உள்நோக்கி வளைந்திருக்கும். இதையெல்லாம் நிமிர்த்த ஒவ்வொரு குழாயின் கழுத்திலும், டிஃப்ளெக்‌ஷன் யோக்குக்குப் பின்னால், சிறிய கன்வெர்ஜென்ஸ் யோக் ஒன்று உண்டு. அதில் கிடைத்திசைக்கு ஒரு சுற்று, செங்குத்துக்கு ஒரு சுற்று. மூன்று குழாய்க்கு ஆறு சுற்றுகள், அவற்றை ஓட்ட ஆறு பவர் ஆம்ப்ளிஃபையர்கள். பல செட்டுகளில் இவை மூன்று மூன்று சேனலாக இரண்டு எஸ்.டி.கே. ஐ.சி.களுக்குள் அடங்கியிருக்கும். எஸ்.டி.கே. 392-110, 392-120 என்ற எண்களைப் பார்த்திருப்பீர்கள். ஆடியோ ஆம்ப்ளிஃபையரில் எஸ்.டி.கே. மாற்றிப் பழகிய கைக்கு இது புதிதல்ல. ஸ்பீக்கர் இருக்கும் இடத்தில் இங்கே யோக் சுருள் இருக்கிறது.

முதல் வேலை, திரையை நிதானமாகப் படிப்பது. வெள்ளைக் கட்டக் கோடுகளை வைத்துக்கொண்டு, மேலே இருக்கும் ஒரு கிடைக்கோட்டை மட்டும் நடுவிலிருந்து இடப்பக்கம் கண்ணால் தொடருங்கள். நடுவில் சுத்த வெள்ளை. நான்கு கட்டம் தாண்டியதும் கோட்டின் அடிப்பக்கத்தில் மெல்லிய சிவப்பு விளிம்பு. இன்னும் தள்ளிப்போனால் சிவப்பு பிரிந்து, மூலைக்குப் போய்ச் சேரும்போது ஒரு விரற்கடை கீழே தொங்குகிறது. மேலே மிஞ்சியது பச்சையும் நீலமும் கலந்த கோடு. இப்போது செங்குத்துக் கோடுகளைப் பாருங்கள். அவற்றில் சிவப்பு பிரியவே இல்லை. இந்த ஒரு பார்வையிலேயே பாதி வேலை முடிந்தது. பழுது சிவப்பின் செங்குத்துச் சேனலில் மட்டும். ஐ.சி.க்கு வேண்டிய ப்ளஸ், மைனஸ் சப்ளை இரண்டும் வருகின்றன, இல்லையென்றால் அதே ஐ.சி.யிலுள்ள மற்ற சேனல்களும் போயிருக்கும். திருத்த அலையைத் தரும் டிஜிட்டல் போர்டும் பொதுவாக வேலை செய்கிறது. இனித் தேட வேண்டியது அந்த ஒரு சேனலின் பாதையை மட்டுமே.

ஒரு ஐ.சி.க்குள் இருக்கும் மூன்று சேனலும் ஒன்றாகப் போயிருந்தால் அந்த ஐ.சி.யையும் அதன் சப்ளைப் பாதையிலுள்ள புரொடெக்டர்களையும் பாருங்கள். ஆறும் போயிருந்தால் சப்ளை, மியூட் லைன், டிஜிட்டல் போர்டு. எந்தச் சேனல் எந்த ஐ.சி.யில் என்பது செட்டுக்குச் செட் மாறும்; சர்க்யூட்டைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

இன்னொரு வகையும் உண்டு. ஒரு நிறம் திரை முழுக்க ஒரே அளவு தள்ளியிருக்கிறது, வளைவே இல்லை. வீடு மாற்றினார்களா, செட்டைத் திசை திருப்பி வைத்தார்களா என்று கேளுங்கள். பூமியின் காந்தப்புலமே குழாய்களுக்குள் கற்றையைக் கொஞ்சம் நகர்த்தும். இதற்கு வாடிக்கையாளர் மெனுவிலுள்ள நடுப்புள்ளித் திருத்தமே போதும். செட்டைத் திறக்கவும் வேண்டாம், பெரிய பில் போடவும் வேண்டாம்.

திறக்க வேண்டி வந்தால், குழாய்களின் ஆனோடில் 30,000 வோல்ட் அளவில் இருக்கும் என்பதை மறக்காதீர்கள். மின்சாரத்தைத் துண்டித்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கும். உள்ளேயிருக்கும் பெரிய கண்ணாடிக்கு ரசப்பூச்சு முன்பக்கம். துணியால் ஒருமுறை துடைத்தாலே கோடு விழுந்துவிடும், தொடவே தொடாதீர்கள். நம் வழக்கமான சீரிஸ் பல்பும் இங்கே முழுத் தீர்ப்பு சொல்லாது. செட் சாதாரணமாக இழுக்கும் கரண்டே அதிகம், பல்பு எப்படியும் எரியும். ஆன் செய்யும் முன் சப்ளை பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே ஓம்ஸில் ஷார்ட் பார்ப்பதுதான் நம்பகமான வழி.

ஆன் செய்தபின் முதலில் ப்ளஸ், மைனஸ் சப்ளைகள். பல செட்டுகளில் 20 முதல் 30 வோல்ட்டுக்குள் இருக்கும். பவர் போர்டில் பார்த்துவிட்டு விடாதீர்கள், ஐ.சி.யின் பின்னிலேயே பாருங்கள். நடுவிலிருக்கும் புரொடெக்டர் அறுந்திருந்தால் பவர் போர்டில் எல்லாம் நல்லபடியாகத்தான் காட்டும். பிறகு ஆறு அவுட்புட் பின்களிலும் டி.சி. பாருங்கள். பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்க வேண்டும். ஏதாவது ஒன்று சப்ளை அளவுக்கு ஏறியோ இறங்கியோ ஒட்டிக்கொண்டிருந்தால் உடனே ஐ.சி. போய்விட்டது என்று எழுதிவிட வேண்டாம். யோக் பிளக் கழன்றிருந்தாலும் ஃபீட்பேக் இல்லாமல் அவுட்புட் அப்படித்தான் ஓடிப்போய் நிற்கும்.

ஆசிலோஸ்கோப் வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். யோக் சுருள் வழியாகப் போகும் கரண்ட், சில ஓம் மட்டுமே உள்ள ஒரு சென்ஸ் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டுக்குத் திரும்புகிறது. அதன் தலையில் தெரியும் அலை, ஐ.சி.யின் இன்புட்டுக்கு வரும் திருத்த அலையின் நகலாக இருக்க வேண்டும். இன்புட்டில் அலை இருந்து இங்கே இல்லையென்றால் பழுது அவுட்புட் பகுதியில். இன்புட்டிலேயே இல்லையென்றால் ஐ.சி.யைக் கழற்றி ஒரு பயனும் இல்லை, டிஜிட்டல் போர்டுக்குப் போங்கள்.

அந்தச் சின்ன ரெசிஸ்டர்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்ல வேண்டும். புது ஐ.சி. போட்டும் திரும்பி வரும் செட்டுகளில் பெரும்பாலும் குற்றவாளி அவைதான். ஐ.சி. ஷார்ட் ஆகும்போது முதல் அடி அவற்றுக்கு. சில கருகிக் கறுத்துக் காட்டிக்கொடுக்கும். பல காட்டிக்கொடுக்காது: வர்ணப் பட்டைகள் பளிச்சென்று இருக்கும், கால் ஒட்டும் இடத்தில் ஒரு பழுப்பு வளையம் தெரிந்தால் அதிர்ஷ்டம். 4.7 ஓம் இருக்க வேண்டிய இடத்தில் 6, 7 என்று காட்டினாலும் அது கெட்டதுதான். அந்தச் சேனலின் திருத்தம் அளவு மாறிப்போகும். ஒரு காலைத் தூக்கி அளக்க வேண்டும். மீட்டர் வயர்களை ஒன்றோடொன்று தொட்டு அதன் சொந்த ஓமைக் கழித்துக்கொள்ளுங்கள், இவ்வளவு சின்ன மதிப்பில் அது கணக்கையே மாற்றும். ஆறு சேனல்களிலும் ஒரே இடத்திலுள்ள ரெசிஸ்டர்களை வரிசையாக அளந்து தாளில் எழுதினால் விலகியது தானே தெரியும். ஒன்று போயிருந்தாலும் அந்த ஐ.சி.யைச் சேர்ந்த மற்றவற்றையும் மாற்றிவிடுவது என் வழக்கம். அவற்றின் விலை ஒரு டீ காசு கூட வராது. புரொடெக்டர் இருந்த இடத்தில் வயரை வைத்து ஒட்டிய போர்டுகளும் வருகின்றன. செய்தவர் யாராக இருந்தாலும், அடுத்த ஷார்ட்டில் செப்புத் தடத்தையே எரிக்க ஏற்பாடு செய்துவிட்டுப் போயிருக்கிறார்.

ஐ.சி. வாங்குவதில்தான் இன்று பெரிய சிக்கல். எஸ்.டி.கே. வரிசையைத் தந்த சான்யோவின் செமிகண்டக்டர் பிரிவு 2011-இல் ஆன் செமிகண்டக்டர் கைக்குப் போனது. இந்த டி.வி.களும் சந்தையை விட்டுப் போய்விட்டன; சி.ஆர்.டி. வகைக்குப் பின் வந்த டி.எல்.பி. வகையைக் கடைசிவரை செய்த மிட்சுபிஷியும் 2012 டிசம்பரில் நிறுத்தியது. ஆகவே இன்று ‘புத்தம் புது ஒரிஜினல்’ என்று மலிவாகக் கிடைப்பதைச் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். குறைந்த வோல்ட்டேஜ் தாங்கும் ஐ.சி.யின் முகத்தைத் தேய்த்து வேறு எண் அச்சடித்து விற்கிறார்கள். அது ஆன் செய்த நிமிஷத்தில் போகும், அல்லது வாடிக்கையாளர் வீட்டில் போகும். எண் அச்சடித்த முகத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் தேய்த்துப் பாருங்கள், பின்பக்க அலுமினியத் தகட்டில் பழைய ஸ்க்ரூத் தடம் இருக்கிறதா பாருங்கள். ஒரே செட்டுக்கு வாங்கும் இரண்டும் ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தவையாக இருப்பது நல்லது. உழைத்த செட்டிலிருந்து கழற்றிய நல்ல பழைய ஐ.சி. கிடைத்தால், புதுப் போலியைவிட அதையே நான் தேர்ந்தெடுப்பேன்.

கழற்றும்போது பழைய ஹீட் சிங்க் பேஸ்ட்டைப் பார்த்திருப்பீர்கள்: சுண்ணாம்பு போலக் காய்ந்து, விரல் பட்டால் உதிரும். சூடு கடத்தாத அந்தப் பேஸ்ட்தான் பல ஐ.சி.களைக் கொன்றது. முழுவதும் சுரண்டித் துடைத்து மெல்லிசாகப் புதிதாகத் தடவுங்கள். முதலில் ஐ.சி.யை ஹீட் சிங்கில் ஸ்க்ரூ போட்டுச் சமமாக இறுக்கி, அதன் பிறகு பின்களை சால்டர் செய்யுங்கள். வரிசை மாறினால் பின்கள் இழுபட்டபடி நிற்கும், சில மாதத்தில் டிரை சால்டர் விழும்.

போர்டில் பிசுபிசுப்பாக ஏதாவது படிந்திருந்தால் அண்ணாந்து பாருங்கள். குழாய்க்கும் லென்ஸுக்கும் நடுவே கிளைக்கால் கலந்த குளிர்விக்கும் திரவம் இருக்கிறது. அதன் சீல் கசிந்தால் சொட்டுவது கீழிருக்கும் போர்டுகளின் மேல்தான். கசிவை நிறுத்தி, போர்டைக் கழுவிக் காயவைக்காமல் செய்யும் எந்த ரிப்பேரும் நிற்காது.

இத்தனையும் முடிந்து, ஆறு அவுட்புட்டும் சரி என்றான பிறகு செட்டை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். மெமரி பழைய நிலையிலேயே இருந்தால் பெரும்பாலும் படம் தானாகவே சேர்ந்திருக்கும். மிச்சம் மயிரிழைத் திருத்தம் மட்டும். அதற்கு முன் பல செட்டுகளில் திருத்தங்கள் பதிந்திருக்கும் ஈஈப்ராம் மெமரியைக் கழற்றி, இப்போது மலிவாகக் கிடைக்கும் ரீடரால் படித்துக் கணினியில் சேமித்துவிடலாம். பிறகு பச்சையைத் தனியாக வைத்து வடிவத்தை நேராக்குங்கள், அதன்மேல் சிவப்பு, கடைசியில் நீலம். நடுவிலிருந்து ஓரத்துக்கு. ஹிட்டாச்சி போன்றவற்றில் 3×3, 7×5, 13×9 என்று புள்ளிகள் மூன்று நிலையில் வரும். 9 புள்ளியில் முடிந்தவரை சேர்த்துவிட்டுத்தான் 35-க்கும், அங்கிருந்து 117-க்கும் போக வேண்டும். நேராக 117-இல் கை வைத்தால் கோடுகள் அலை அலையாக நெளியும். ஹிட்டாச்சியின் மேஜிக் ஃபோகஸ், சோனியின் ஃபிளாஷ் ஃபோகஸ் போன்ற தானியங்கித் திருத்தங்கள் எல்லாம் முடிந்த பின்புதான். அவை திரை ஓரத்து சென்சார்களை நம்பி ஓடுபவை. பழுதுள்ள செட்டில் ஓட்டினால் பிழைச் செய்தியோடு நின்றுவிடும், அல்லது இன்னும் கலைத்துவிடும்.

வாசகர்களிடம் ஒன்று கேட்கிறேன். பழுதில்லாத செட் ஒன்று வேறு காரணத்துக்காக உங்கள் பெஞ்சுக்கு வந்தால், மூடுவதற்கு முன் கன்வெர்ஜென்ஸ் ஐ.சி.களின் பின் வோல்ட்டேஜ்களையும், ஆறு யோக் சுருள்களின் ஓமையும், எந்தச் சேனல் எந்தப் பின்னில் என்பதையும் மாடல் எண்ணோடு எழுதி அனுப்புங்கள். சர்வீஸ் மேனுவல் கிடைக்காத மாடல்களுக்கு முன்னுரிமை கொடுத்து அட்டவணையாக வெளியிடுவோம்.