சேப்பாக்கத்தின் கதவைத் தட்டியவர்

பொங்கல் விடுமுறையில் மாமல்லபுரம் கடற்கரைக்குப் போனால், மணலில் குச்சி நட்டு கிரிக்கெட் ஆடும் பையன்களைப் பார்க்கலாம். செங்கல்பட்டில் ஒரு காலி மனை கிடைத்தால் போதும், அங்கேயும் ஆட்டம்தான். யாரும் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. இதே கிரிக்கெட்டுக்காக நம்மவர்கள் ஒரு காலத்தில் வாசலிலேயே நிற்க வேண்டியிருந்தது.

1846-ல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பின் மைதானம்தான் சேப்பாக்கம். அங்கே ஆட வந்த இந்திய வீரர்களுக்கு பெவிலியனுக்குள் இடம் கிடையாது. மதியச் சாப்பாடு மரத்தடியில்தான்!

மயிலாப்பூரில் வசதியான குடும்பத்தில் 1868-ல் பிறந்த புச்சி பாபு நாயுடுவுக்கு இது பொறுக்கவில்லை. அவரே நல்ல ஆட்டக்காரர். 'உள்ளே விடுங்கள்' என்று கெஞ்சிக்கொண்டிருக்காமல், 1888-ல் மெட்ராஸ் யுனைடெட் கிளப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 20. மட்டை, பூட்ஸ், வெள்ளை உடுப்பு எல்லாம் வாங்க வழியில்லாத திறமைசாலிகளுக்குத் தன் கைக்காசைச் செலவழித்தார்.

அவருக்கு ஒரே ஆசை. ஐரோப்பியர் அணியும் இந்தியர் அணியும் சேப்பாக்கத்தில் சரிசமமாக மோத வேண்டும். பேசிப் பேசி, கடைசியில் மெட்ராஸ் கிரிக்கெட் கிளப்பைச் சம்மதிக்க வைத்தார். 1908 டிசம்பரில் ஆட்டம் என்று முடிவானது.

ஆனால், அதைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. ஆட்டத்துக்குச் சில நாட்களே இருந்தபோது காலமாகிவிட்டார். வயது 40.

ஆட்டம் நிற்கவில்லை. பி.சுப்பிரமணியம் தலைமையில் இந்தியர் அணி களமிறங்கியது. பிரசிடென்சி மேட்ச் என்ற பெயரில் அது பிற்பாடு பொங்கல் சமயத்தில் நடக்கும் ஊர்த் திருவிழாவாகவே ஆனது. 1915-16 முதல் அதற்கு முதல்தர ஆட்டம் என்ற அந்தஸ்தும் கிடைத்தது.

அப்பா இறந்தபோது சிறுவனாக இருந்த மகன் சி.ராமசாமி, 1922-ல் டேவிஸ் கோப்பை டென்னிஸில் இந்தியாவுக்காக ஆடினார். 1936-ல் இங்கிலாந்து மண்ணில், 40 வயதில், முதல் டெஸ்ட்டில் இறங்கி 40, 60 என்று ரன் எடுத்தார். அப்பாவின் ஆயுள் முடிந்த வயதில் மகனின் டெஸ்ட் வாழ்க்கை தொடங்கியது!

புச்சி பாபு பெயரில் தமிழ்நாட்டில் இன்றும் போட்டி நடக்கிறது. 2024-ல் அதில் ஆட சூர்யகுமார் யாதவ் கோவைக்கும், இஷான் கிஷன் திருநெல்வேலிக்கும் வந்தார்கள்.

அடுத்த முறை வீட்டுப் பிள்ளை மட்டையைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, இந்தக் கதையையும் சொல்லி அனுப்புங்கள்.