செல்லம் கொடுத்துக் கொல்லாதீர்கள்!



இந்த முறை உங்களோடு ஒரு முயலைப் பற்றிப் பேசப் போகிறேன். "பிள்ளைகளின் படிப்பைப் பற்றி எழுதுவதை விட்டுவிட்டு டீச்சர் முயலுக்குப் போய்விட்டாரே!" என்று நினைத்துவிடாதீர்கள். முயல் கதைக்குள்ளே பிள்ளைகளின் கதையும் இருக்கிறது. கடைசிவரை படித்துப் பாருங்கள்.

எங்கள் பாலிக் புலாவ் வட்டாரத்தில் என்னிடம் நான்காம் ஆண்டு படிக்கும் மாணவி ஒருத்தி இருக்கிறாள். அவள் தந்தை விடியற்காலையில் பால்மரம் சீவப் போகிறவர். டுரியான் பருவம் வந்துவிட்டால் மலைத் தோப்பில் பழம் பொறுக்கும் வேலையும் சேர்ந்துகொள்ளும். ஒரு நாள் குடும்பத்தோடு ஜோர்ஜ்டவுன் போன இடத்தில், செல்லப் பிராணிக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் சின்சில்லா என்ற பிராணியைப் பார்த்துவிட்டாள். மறுநாள் வகுப்புக்குள் நுழைந்ததும் அதே பேச்சுத்தான்.

"டீச்சர், அணில் மாதிரி வாலு, எலி மாதிரி மீசை, பஞ்சு மாதிரி ஒடம்பு! அப்பாகிட்ட சொல்லி வாங்கித் தரச் சொல்லுங்க டீச்சர்!"

சின்சில்லா அழகான பிராணிதான். ஆனால் அது தென் அமெரிக்காவில், ஆண்டிஸ் மலையின் குளிரில் பிறந்த இனம். 1923ஆம் ஆண்டில் மேத்தியஸ் சாப்மன் என்ற அமெரிக்கர் பதினொரு சின்சில்லாக்களைச் சிலியிலிருந்து கலிபோர்னியாவுக்குக் கொண்டு போய் வளர்க்கத் தொடங்கினார். அதற்குக் கம்பளி போர்த்தியது போன்ற அடர்ந்த ரோமம். வெப்பம் 27 பாகையைத் தாண்டினாலே உயிருக்கு ஆபத்து. நம் ஊரிலோ உச்சி வெயிலில் 31, 32 பாகை! இரவும் பகலும் குளிர்சாதனம் ஓட வேண்டும். பால்மரம் சீவும் குடும்பத்துக்கு அந்த மின்சாரக் கட்டணம் கட்டுப்படியாகுமா?

தந்தை என்னைத் தேடி வந்தபோது இதைத்தான் சொன்னேன். "புள்ள ரெண்டு நாளா மூஞ்சிய தூக்கி வச்சிருக்குங்க டீச்சர்" என்றார் பாவம். "அப்படியானால் ஒரு முயல் வாங்கிக் கொடுங்கள் ஐயா. நிழலும் காற்றும் இருந்தால் போதும், நம் ஊரில் வளரும்" என்றேன். அவரும் வாங்கிக் கொடுத்தார்.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை பிள்ளை அழுதுகொண்டே வந்தாள். முயல் நேற்றிலிருந்து எதையும் தொடவில்லையாம், வாயிலிருந்து எச்சில் வடிகிறதாம். மாலையில் வீட்டுக்குப் போய், "என்ன தீனி கொடுத்தீர்கள்?" என்று கேட்டேன்.

தந்தை பெருமையோடு சொன்னார்: "காலையில ரொட்டி, மத்தியானம் பிஸ்கட்டு, சாயங்காலம் கேரட்டும் வாழைப்பழமும். எங்க வீட்டுல புள்ளைக்குக்கூட அவ்வளவு கவனிப்பு இல்லீங்க டீச்சர்!"

எனக்குச் சிரிப்பு வரவில்லை, நெஞ்சு பதறியது. பயிற்சிக் கல்லூரிச் சான்றிதழோடு நான் வேலைக்கு வந்த புதிதில், வகுப்பறையின் அறிவியல் மூலையில் ஒரு வெள்ளை முயல் வளர்த்தோம். ஓய்வு நேரத்தில் பிள்ளைகள் தங்கள் ரொட்டியையும் கேக்கையும் ஆசையாய் ஊட்டுவார்கள். நானும் அதைப் பார்த்து மகிழ்ந்தேன். ஒரு நாள் காலையில் அது கூட்டுக்குள் விறைத்துக் கிடந்தது. நாற்பது பிள்ளைகள் என் முகத்தையே பார்த்தார்கள். அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதன் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதைத்தான் இன்று உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலில் பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். முயலின் பற்கள் சாகும்வரை வளர்ந்துகொண்டே இருக்கும். முன்பல் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் வளரும். முரட்டுப் புல்லை நாள் முழுவதும் அரைத்தால்தான் பற்கள் தேய்ந்து அளவோடு நிற்கும். ரொட்டியும் பழமும் மெல்லாமலே கரைந்து போகிறவை. அவற்றையே கொடுத்தால் கடைவாய்ப் பல் முள்ளாக வளர்ந்து நாக்கையும் கன்னத்தையும் கிழிக்கும். எச்சில் வடிவது அதனால்தான்.

அடுத்தது குடல். மனிதருக்கு வயிறு கெட்டால் வாந்தி வரும். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் பெருங்குடலின் தொடக்கத்தில் ஒரு பெரிய பை இருக்கிறது. அதில் வாழும் நுண்ணுயிர்கள்தாம் புல்லைப் புளிக்க வைத்துச் சத்தாக்குகின்றன. நார் குறைந்து மாவும் சர்க்கரையும் கூடினால் நல்ல கிருமி அழிந்து கெட்ட கிருமி பெருகும். குடல் ஓட்டம் நின்று வாயு அடைக்கும். பன்னிரண்டு மணி நேரம் தீனியைத் தொடாமலோ புழுக்கை போடாமலோ இருந்தால் அது அவசரம். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

இன்னொரு விஷயம். இரவிலோ விடியற்காலையிலோ முயல் தன் பின்புறத்தில் வாயை வைத்து எதையோ தின்பதைப் பார்த்து, "சீ, அசிங்கம்!" என்று சிலர் அடிப்பார்கள். அடிக்காதீர்கள். அந்தக் குடற்பையில் உருவான சத்துள்ள மென்மையான உருண்டையை அது மறுபடி உண்கிறது. ஆண்டவன் அதற்குக் கொடுத்த வழி அது.

அப்படியானால் என்ன கொடுக்கலாம்? பத்தில் எட்டுப் பங்கு புல்லும் காய்ந்த புல்லுமாக இருக்கட்டும். கடையில் விற்கும் திமொத்தி என்னும் காய்ந்த புல் நல்லதுதான். அதை வாங்கக் கையில் காசில்லையென்றால் வருந்த வேண்டாம். நம் வேலியோரப் புல்லும், மாட்டுக்கு அறுக்கும் நேப்பியர் புல்லும் போதும். அறுத்த புல்லை இரண்டு மூன்று நாள் வெயிலில் புரட்டிப் புரட்டிக் காயவைத்து, ஈரம் படாத இடத்தில் கட்டி வையுங்கள். பூஞ்சணம் பிடித்திருந்தால் தயங்காமல் எறியுங்கள். இயந்திரத்தால் வெட்டிக் குவித்த புல் சீக்கிரம் சூடேறிப் புளித்துவிடும். அதையும் கொடுக்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. மருந்தடித்த நிரையோரப் புல்லை ஒருபோதும் அறுக்காதீர்கள். தோட்டத்துப் பெண்கள் முதுகில் தோம்பு சுமந்து தெளித்த பாராகுவாட் மருந்து 2020 ஜனவரி முதல் தேதியிலிருந்து நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. ஆனாலும் வேறு களைக்கொல்லிகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. மருந்து அடித்ததா இல்லையா என்று தெரியாத புல் நமக்கு வேண்டாம்.

புல்லோடு தினமும் ஒரு பிடி கீரை போடலாம். சர்க்கரைவள்ளிக் கொடியின் இலை, கொத்தமல்லி, புதினா ஆகியவை நல்லவை. கங்கோங் கீரையைக் கொஞ்சமாகக் கொடுங்கள். முட்டைக்கோஸ் வாயுவை உண்டாக்கும். கடைத் தீனி உருண்டை கொடுப்பதானால், முயலின் எடையில் கிலோவுக்கு 25 கிராமுக்கு மேல் வேண்டாம். புதிய தீனி எதுவானாலும் ஒரே நாளில் மாற்றாமல், ஒரு வாரம் பத்து நாளில் சிறிது சிறிதாக மாற்றுங்கள். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும். இரண்டு கிலோ முயல் ஒரு நாளில் 100 முதல் 300 மில்லிலிட்டர் வரை குடிக்கும்.

கொடுக்கவே கூடாதவையும் உண்டு. மரவள்ளி இலை, கித்தா மர இலை இரண்டிலும் சயனைடு நஞ்சை உண்டாக்கும் பொருள் இருக்கிறது. வெங்காயம், பூண்டு, சாக்லேட், அவகாடோ, அரளி எல்லாமே ஆபத்து. எங்கள் ஊரில் ஜாதிக்காய்க்குப் பஞ்சமில்லை. அதைச் சர்க்கரைப் பாகில் ஊறவைத்துப் பிள்ளைகள் விரும்பித் தின்பார்கள். முயலுக்கு அது கூடாது.

சரி, ஆசைக்கு ஒன்றும் கொடுக்கவே கூடாதா? கொடுக்கலாம், தாராளமாகக் கொடுக்கலாம், அளவோடு! வாரத்துக்கு இரண்டு முறை கட்டைவிரல் நக அளவு பப்பாளியோ வாழைப்பழமோ கேரட்டோ போதும். ஆமாம், கேரட்டும் பலகாரம்தான்! சித்திரப் புத்தகத்து முயல் கேரட் கடித்தாலும், நிஜ முயலுக்கு அதில் சர்க்கரை அதிகம். பண்டத்தைத் தட்டில் கொட்டாமல் கையில் வைத்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஊட்டுங்கள். முயலும் உங்களிடம் பழகும், பிள்ளையின் ஆசையும் தீரும்.

அந்த முயலுக்கு என்ன ஆயிற்று என்று கேட்கிறீர்களா? அன்று மாலையே தந்தை அதை மோட்டார் சைக்கிளில் கூடையோடு கட்டி மருத்துவரிடம் கொண்டு போனார். மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, முள்ளாய் வளர்ந்திருந்த கடைவாய்ப் பல்லைத் தேய்த்துவிட்டார். ஒரு நாள் கூலிக்கு மேலேயே செலவாகிவிட்டது. அதன் பிறகு இரண்டு நாள் ஊசியில்லாத சிரிஞ்சால் கரைத்த தீனியை ஊட்டினாள் பிள்ளை. மூன்றாம் நாள் காலையில் பள்ளி வாசலிலேயே காத்து நின்றாள். "டீச்சர், புல்லு தின்னுது! புழுக்கையும் போட்டுருச்சு!" என்று கத்தினாள். புழுக்கை போட்ட செய்திக்கு இவ்வளவு மகிழ்ந்தது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

போகும்போது அந்தத் தந்தை ஒரு வார்த்தை சொன்னார். "ரொட்டி வாங்க காசு இருந்துச்சு, கொடுத்தேன். புல்லுதான் நல்லதுன்னு தெரியாம போச்சுங்க டீச்சர்."

வாசகர்களே, அந்த வார்த்தை என்னை விடவில்லை. நாம் சின்ன வயதில் ஏங்கிய பலகாரத்தையெல்லாம் நம் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று துடிக்கிறோம். வியர்வை சிந்திச் சம்பாதித்த வெள்ளியில் வண்ண வண்ணப் பொட்டலமும் இனிப்புத் தண்ணீரும் வாங்கிக் கொடுக்கிறோம். அன்பு குறைவில்லை. ஆனால் என் வகுப்பில் சொத்தைப் பல் இல்லாத வாய்கள் குறைவு. கொல்லையில் முருங்கையும் பப்பாளியும் இருக்க, பிள்ளையின் காலைப் பசிக்குப் பொட்டலத்தைப் பிரிக்கிறோம்.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று நம் பாட்டிமார் சும்மா சொல்லவில்லை. நன்றாகக் கவனித்தால் முயல் எட்டு முதல் பன்னிரண்டு ஆண்டு வரை வாழும். அதற்குள் உங்கள் பிள்ளை படித்துப் பெரியவளாகிவிடுவாள். புல் அறுத்துப் போட்டு அந்த முயலைக் காப்பாற்றிய கையைப் பிள்ளை மறக்க மாட்டாள்.

நாளைக் காலையில் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போய் ஒரு கட்டுப் புல் அறுத்து வாருங்கள். மருந்தடிக்காத இடமாகப் பார்த்து!

மீண்டும் அடுத்த இதழில் சந்திப்போம்.