ஒரே அளவு வீடு. ஊருக்கு ஒரு வரி! ஏன்?



அண்ணன் வீடு ஆலந்தூரில். தம்பி வீடு தாம்பரத்தில். இரண்டும் ஆயிரம் சதுர அடிதான். ஆனால் இருவரும் சொத்து வரி ரசீதை எடுத்து வைத்துப் பார்த்தால் தொகை ஒத்துப் போவதில்லை. 'அதிகாரிகள் இஷ்டத்துக்குப் போட்டு விட்டார்கள்' என்பார் ஒருவர். 'எங்கள் வார்டைத்தான் குறி வைக்கிறார்கள்' என்பார் இன்னொருவர். காரணம் தெரியாமல் கொதிப்பதை விட, கணக்கைத் தெரிந்து கொண்டு கேள்வி கேட்பதே நமக்குப் பலன் தரும்.

வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பின் மீதுதான் சொத்து வரி விதிக்கப்பட்டு வந்திருக்கிறது. இதற்காக ஊரைப் பகுதிகளாகப் பிரித்து, சென்னையில் தெருத் தெருவாகவே பிரித்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று அடிப்படை மதிப்பு வைத்தார்கள். கட்டடத்தின் பரப்பு, வயது, அதில் சொந்தக்காரர் குடியிருக்கிறாரா, வாடகைக்கு விட்டிருக்கிறாரா, கடை நடக்கிறதா என்பதெல்லாம் பிறகு சேரும். கல்வி வரி, நூலக வரி போன்ற துண்டுகளும் இதற்குள் உண்டு. ஊருக்கு ஊர் மன்றம் வேறு; தீர்மானம் வேறு. எனவே தொகையும் வேறு.

இதோடு முடியவில்லை. சென்னையில் 1998க்குப் பிறகும், மற்ற நகர்ப்புற உள்ளாட்சிகளில் 2008க்குப் பிறகும் நீண்ட காலம் பொதுச் சீராய்வே இல்லை. 2018இல் வரியை உயர்த்தினார்கள். 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்தார்கள். 2022 ஏப்ரலில் மீண்டும் உயர்வு வந்தது. 600 சதுர அடிக்கு மேல் 1,200 வரையுள்ள வீட்டுக்குப் பழைய சென்னைப் பகுதியில் 75 சதவீத உயர்வு. ஆலந்தூர், அம்பத்தூர், திருவொற்றியூர் போல 2011இல் சென்னையோடு இணைந்த பகுதிகளில் 50 சதவீதம். தாம்பரம், ஆவடி மாநகராட்சிகளிலும் 50 சதவீதம்தான்.

ஆலந்தூருக்கும் தாம்பரத்துக்கும் உயர்வு ஒன்றுதானே, பிறகு ஏன் வேறுபாடு என்று கேட்பீர்கள். ஆரம்பத் தொகையே வேறாக இருந்ததே! ஆயிரத்தின் மீது 50 சதவீதம் ஏற்றினால் ஆயிரத்து ஐந்நூறு. இரண்டாயிரத்தின் மீது ஏற்றினால் மூவாயிரம். ஆயிரமாக இருந்த இடைவெளி ஆயிரத்து ஐந்நூறாகி விடுகிறது! தாம்பரம் மாநகராட்சியே 2021 நவம்பரில் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து உருவானது. அந்தப் பத்தும் தனித்தனியே வரி விதித்து வந்தவை.

அடுத்தது, சுமையை யார் பகிர்ந்து கொள்கிறார்கள் என்பது. ஒரு கணக்குக்குச் சொல்கிறோம். இரண்டு ஊர்களுக்கும் ஆண்டுக்குப் பத்துக் கோடி தேவை என்று வைத்துக் கொள்ளுங்கள். ஓர் ஊரில் ஆலைகளும் வணிக வளாகங்களும் ஆறு கோடி தருகின்றன. வீடுகள் மீது நான்கு கோடிதான் விழும். மற்ற ஊரில் கடைகள் தருவது இரண்டே கோடி என்றால், மீதி எட்டுக் கோடியும் வீட்டுக்காரர் தலையில்! அங்கே வரி உயர வேண்டும். இல்லையேல் சாலையும் சாக்கடையும் கெட வேண்டும்.

அரசியல் சட்டத்தின் 285ஆம் பிரிவுப்படி மத்திய அரசின் சொத்துக்கு உள்ளாட்சி வரி இல்லை. விமானப்படைத் தளமும் ரயில்வே இடங்களும் பரந்து கிடக்கும் தாம்பரம் போன்ற ஊர்களுக்கு இது சிறிய இழப்பல்ல. வழிபாட்டுத் தலங்களுக்கும் விலக்கு உண்டு. ஆனால் பள்ளிவாசலுக்கோ கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ சொந்தமான வாடகைக் கடைகளுக்கு அந்த விலக்கு தானாக வந்து விடாது. ஜமாஅத் நிர்வாகிகள் இதைக் கவனத்தில் கொள்வது நல்லது. நிலுவை ஏறிய பிறகு அலைவதில் பயனில்லை.

ஆக, வரி வேறுபடுவது அநீதியல்ல. ஏன் வேறுபடுகிறது என்று மக்களுக்குச் சொல்லாததே அநீதி! 2016 முதல் 2022 வரை தமிழகத்து நகரங்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே இல்லை. 2018 உயர்வைப் பற்றிக் கேட்க மக்களுக்கு ஒரு கவுன்சிலர் கூட இல்லை. 2022 பிப்ரவரியில் தேர்தல் நடந்தது. ஏப்ரலில் உயர்வு வந்தது. சொத்து வரியைச் சீர்செய்தால்தான் மானியம் என்று 15ஆவது நிதிக்குழு நிபந்தனை விதித்ததை அரசு காரணம் காட்டியது. டில்லி நிபந்தனை போடுகிறது, கோட்டை ஆணை போடுகிறது, மன்றம் தீர்மானம் போடுகிறது. பணம் கட்டுகிறவன் யாரிடம் போய்க் கேட்பது?

மக்கள் கொடுக்க மறுப்பவர்கள் அல்லர். ஆலந்தூர் தனி நகராட்சியாக இருந்தபோது, பாதாளச் சாக்கடைத் திட்டத்துக்காக வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். எதற்கு, எவ்வளவு, எப்போது என்று வீதி வீதியாக விளக்கினார்கள். மக்கள் கொடுத்தார்கள், திட்டமும் நிறைவேறியது. அந்த விளக்கத்தைத்தான் இன்றும் கேட்கிறோம். பகுதிவாரியான அடிப்படை மதிப்பைப் பொது இடத்தில் எழுதி ஒட்டட்டும். எந்த வார்டில் எவ்வளவு வசூல், எவ்வளவு செலவு என்று சொல்லட்டும். பெரிய வணிகக் கட்டடங்களை மறுபடி அளக்கட்டும்.

நமக்கும் கடமை உண்டு. உங்கள் வரி விதிப்பில் பரப்பளவும் பயன்பாடும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். தவறு இருந்தால் எழுத்து மூலம் மனுக் கொடுத்து, ஒப்புகை பெற்றுக் கொள்ளுங்கள். அரையாண்டின் முதல் 30 நாட்களுக்குள் கட்டினால் 5 சதவீதம், அதிகபட்சம் 5,000 ரூபாய் ஊக்கத்தொகை என்ற விதியைப் பயன்படுத்துங்கள். வரியைக் கட்டி விட்டு, ரசீதைக் கையில் பிடித்துக் கொண்டு கேள்வி கேளுங்கள். அந்தக் கேள்விக்கு எந்த மன்றமும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்!