அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தீர்கள்?

2004 டிசம்பர் 26. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை எங்கே இருந்தீர்கள் என்று தூத்துக்குடிக் கரையில் உள்ள மணப்பாட்டில் முப்பது வயது தாண்டிய எவரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார். பூசைக்குப் போனவர், கரையில் வலையோடு உட்கார்ந்திருந்தவர், விருந்தாளிகளுக்கு அடுப்படியில் நின்றவர் என்று ஆளுக்கொரு இடம். இந்திய நேரப்படி 6.29-க்குச் சுமத்ரா அருகே கடலடி பிளந்ததும், சுனாமி அலை நம் கரை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டதும் அப்போது அவர்கள் யாருக்கும் தெரியாது. சொல்லவும் ஆளில்லை.

தூத்துக்குடிக் கரையில் உயிரிழப்பு மிகக் குறைவு. இலங்கைத் தீவு குறுக்கே நின்று மறைத்தது அதற்கு முக்கியக் காரணம். குளச்சலும் மணக்குடியும் வேளாங்கண்ணியும் அப்படித் தப்பவில்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் மாண்டார்கள். தப்பித்த ஊரில்தான் மறதி சீக்கிரம் குடியேறும். நம் கவலையே அதுதான். அன்று பிறந்திராத பிள்ளைகள் இன்று கல்லூரிக்குப் போகிறார்கள், வள்ளம் ஏறிக் கடலுக்கும் போகிறார்கள்.

பக்கத்துத் திருச்செந்தூரில் அமாவாசை, பௌர்ணமி நாட்களில் கடல் உள்வாங்குவது வழக்கம். வெளியே தெரியும் பாறைகள்மேல் ஏறிப் பக்தர்கள் படம் எடுத்துக்கொள்கிறார்கள். அது மெல்ல இறங்கி மெல்ல ஏறும் நீர், பயமில்லை. ஆனால் 2004-இல் அந்த ஞாயிறும் பௌர்ணமிதான். சில நிமிடங்களில் கடல் சட்டென்று விலகிப் போனால் அது வேறு சங்கதி என்று அந்தப் பிள்ளைகளுக்கு யார் சொல்லியிருக்கிறோம்?

சுமத்ராவை ஒட்டிய சிமெலுவே தீவில் சொல்லியிருந்தார்கள். அங்கே 1907-இல் ஒரு பேரலை வந்து பலரைக் கொண்டுபோனது. தப்பியவர்கள் அதைக் கதையாகவும் தாலாட்டாகவும் பேரப்பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள்: நிலம் குலுங்கி, கடல் பின்வாங்கினால், மலைக்கு ஓடு. நிலநடுக்கத்துக்கு மிக அருகில் இருந்த அந்தத் தீவில், சுமார் 78,000 பேரில் 2004-இல் இறந்தவர்கள் 7 பேர். கருவி எதுவும் எச்சரிக்கவில்லை, பாட்டிமார்கள்தான் எச்சரித்தார்கள்.

மணப்பாட்டுக்கு நினைவைக் காப்பது புதிதல்ல. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் புயலில் சிக்கிய போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றின் முறிந்த பாய்மரத்தில் செய்த சிலுவையே மணற்குன்றின் மேல் நடப்பட்டது என்பது ஊர் மரபு. செப்டம்பர் 14 திருவிழாவில் இன்றும் அந்தக் கதை சொல்லப்படுகிறது. ஒரு கப்பலின் ஆபத்தை இத்தனை தலைமுறை சுமந்த ஊர், தன் கண்ணால் கண்ட அலையை ஒரே தலைமுறையில் விட்டுவிடலாமா?

மனத்தை மட்டும் நம்பியும் இருக்க முடியாது. 1986-இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், செய்தியை எங்கே கேட்டீர்கள் என்று உளவியலாளர் உல்ரிக் நைசர் மாணவர்களிடம் எழுதி வாங்கினார். இரண்டரை ஆண்டு கழித்துத் திரும்பக் கேட்டபோது பலரின் பதில் மாறியிருந்தது. அவர்களுடைய கையெழுத்தையே காட்டியபோதும் புதிய நினைவே சரி என்று நின்றவர்கள் உண்டு. நம் ஊர் நினைவுகளும் இத்தனை ஆண்டுகளில் கொஞ்சம் நகர்ந்திருக்கும். இன்னும் நகர விடக்கூடாது.

2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது, நல்லது. அந்தத் தகவல் கரைக்கு வந்த பிறகு எந்தப் பக்கம் ஓடுவது என்பதை ஊர்தான் சொல்லித்தர வேண்டும். எனவே மணப்பாட்டு மக்களுக்கும், கடலோரத்தில் வாழும் எல்லா வாசகர்களுக்கும் நம் வேண்டுகோள்: வீட்டில் மூத்தவரை உட்காரவைத்துக் கேளுங்கள். அன்று கடல் எவ்வளவு தூரம் போனது, தண்ணீர் எந்தத் தெரு வரை வந்தது, யார் கூப்பிட்டு எச்சரித்தது, எந்த வழியாக மேடேறினீர்கள்? பங்கும் பள்ளியும் அவற்றைத் தொகுக்கட்டும். பிள்ளைகளை ஒருமுறையாவது அந்த வழியிலேயே குன்றுக்கு நடத்திக் கூட்டிப்போங்கள். அடுத்த டிசம்பர் 26 வரை காத்திருக்க வேண்டாம்.