மறதியும் விதியும்

எமது ஊரில் முதியவர் ஒருவர் தம் மக்களின் பெயரை மறக்கத் தொடங்கினால், வீட்டார் அதனை அயலவர்க்கு மறைப்பர். 'பரம்பரை நோய்' என்னும் சொல் வாயிலைக் கடந்தாற் பேர்த்தியின் திருமணப் பேச்சு நின்றுவிடும் என்பது அவர்தம் அச்சம். அவ்வாறு நின்றுபோன ஒன்றை யான் அறிவேன். மறுத்தவர் கல்லாதவர் அல்லர். ஆசிரியரும் அவருள் இருந்தனர். ஆதலின் இதனை எழுதுதல் கடனாயிற்று.

ஜேர்மனிய மருத்துவர் அல்சைமர் 1901ஆம் ஆண்டிற் பிராங்போட் நகரிலே, நினைவு குலைந்த 51 வயதுப் பெண்ணொருத்தியைக் கண்டார். 1906இல் அவள் இறந்தபின் மூளையை ஆராய்ந்தவர், நரம்புக் கலங்களின் புறத்தே படிவுகளையும் அகத்தே சிக்குண்ட இழைகளையும் கண்டார். முன்னவை அமிலொயிட் என்னும் புரதத்தால் ஆயவை. பின்னவை தௌ என்னும் புரதத்தால் ஆயவை எனப் பிற்காலத்தார் தெளிந்தனர்.

இவை குவிவது ஏன்? கலந்தோறும் துப்புரவுப் பணி ஓயாது நிகழ்கின்றது. கழிவைச் சிதைக்கும் இலைசோசோம் என்னும் நுண்பையை 1955இல் உலகுக்கு அறிவித்தவர் டி டூவ். கலம் தன் பழுதுற்ற பகுதிகளைத் தானே உட்கொள்ளும் முறையை விளக்கிய யப்பானிய அறிஞர் ஒசுமி 2016இல் நோபல் பரிசு பெற்றார். இவையன்றி, மூளையின் காவற் கலங்களும் புறத்தே கிடக்கும் கழிவை விழுங்குகின்றன. இவ்வொழுங்கு தளரின் குப்பை குவியும்.

பரம்பரை இங்கேதான் வந்து புகுகின்றது. கொழுப்பைச் சுமக்கும் அப்போ-ஈ என்னும் புரதத்தின் நான்காம் வகை, அமிலொயிட் அகற்றலைத் தளர்த்துகின்றது. நோய்க்கும் இதற்குமுள்ள தொடர்பு 1993இல் வெளிப்பட்டது. தாய் தந்தையருள் ஒருவரிடமிருந்து இதனைப் பெற்றவர்க்கு நோய் வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கு. இருவரிடமிருந்தும் பெற்றவர்க்கு அதனினும் பன்மடங்கு. காவற் கலங்களின் தொழிலைக் குன்றச்செய்யும் திரெம்-2 என்னும் பரம்பரை அலகின் மாற்றங்களும் அறியப்பட்டுள.

எனினும் நான்காம் வகையைப் பெற்றும் முதுமைவரை நினைவு குன்றாது வாழ்ந்தோர் பலர். பெறாதே நோயுற்றோரும் பலர். பிறப்பிலேயே ஏறக்குறைய உறுதிசெய்யும் அலகு மாற்றங்கள் சில உண்டு. அவை மிக அரிய குடும்பங்களில் மட்டுமே காணப்படுவன.

"வாய்ப்பு மிகுமெனின் விலக்குவது விவேகமன்றோ?" எனச் சிலர் வினவுவர். ஐரோப்பியருள் நால்வர்க்கு ஒருவர் அளவிலே நான்காம் வகையைத் தாங்குகின்றனர். இத்துணைப் பெருந்தொகையினரை விலக்குவது எங்ஙனம்? குருதியழுத்தம், நீரிழிவு, புகைப்பழக்கம் ஆகியவையும் இந்நோய்க்கு வழி திறப்பனவே. புகைக்கும் மணமகனை ஏற்று, மறந்த பாட்டியின் பேர்த்தியை மறுப்பது விவேகமன்று, வெறும் அச்சமே.

ஏது வேறு, விதி வேறு. தருக்கம் கற்ற நாம் இவ்விரண்டையும் மயங்கலாமா? ஆசிரியர்காள், இவ்வேற்றுமையை மாணாக்கர்க்கு உணர்த்துமின். அது விளங்கிய வீட்டில் முதியவர் பின்னறையில் மறைக்கப்படார். முன்விறாந்தையில் எல்லாரோடும் இருப்பர். தம் பெயரை அவர் மறந்தாலும், அப்பெயர் சொல்லி அழைப்பார் அங்கே இருப்பர்.