சந்தேகப்படுவது குற்றமல்ல
நெட்வொர்க் மார்க்கெட்டிங்கில் சேரச் சொல்லி வீட்டுக்கு வருகிற சொந்தக்காரரிடம் ஒரு சந்தேகம் கேட்டுப் பாருங்கள். “நெகட்டிவா பேசாதீங்க அண்ணே, ஜெயிக்கணும்னு நினைக்கிறவன் இப்படிக் கேட்க மாட்டான்” என்பார். ஆள் சேர்க்கக் கல்யாண மண்டபத்தில் நடத்தும் கூட்டத்தில் கோட் போட்டவர் சொல்லிக்கொடுத்தது அது. கேட்ட கேள்விக்கு அதில் பதில் இல்லை. ஒருவர் ஆறு பேரைச் சேர்க்க வேண்டும், அந்த ஆறு பேரும் ஆளுக்கு ஆறு பேரைச் சேர்க்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்தாவது படியை எட்டும்போது மொத்தம் 7 கோடியே 25 லட்சம் பேர் தேவை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மக்கள்தொகையே 7 கோடியே 21 லட்சம்தான், கைக்குழந்தைகளையும் சேர்த்து! சேர்ந்தவர்களில் ஆறில் ஐந்து பேர் அந்தக் கடைசிப் படியில்தான் நிற்பார்கள். அவர்களுக்குக் கீழே ஆளே இல்லை. நகையை அடகு வைத்துச் சேர்ந்த பெண்ணுக்கு மிஞ்சுவது, விற்க முடியாமல் கட்டிலுக்கடியில் காலாவதியாகும் சத்துமாவு டப்பாக்கள். பொருளை விற்றுக் கமிஷன் வாங்குவது கௌரவமான தொழில், அதை நான் குறை சொல்லவில்லை. ஆள் சேர்ப்பதற்கே காசு என்றால் அது மோசடி. இப்படி ஆள் சேர்த்துப் பணம் பார்க்கும் பணச் சுழற்சித் திட்டங்களை 1978-லேயே மத்தியச் சட்டம் தடை செய்தது. 2021-இன் நேரடி விற்பனை விதிகளும் இப்படிப் படிப்படியாக ஆள் சேர்க்கும் பிரமிடு திட்டங்களைத் தடுக்கின்றன. ஆகவே பணம் கட்டும் முன் கேளுங்கள்: இனி ஒருவரையும் சேர்க்காமல், பொருளை மட்டும் விற்றால் மாதம் எவ்வளவு கிடைக்கும்? அதை எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால், தயவுசெய்து சேராதீர்கள்.