கரையில் ரொயிலற் எங்கே?

கெல்சென்கிர்ச்சனில் கடல் கிடையாது. ரைன்-ஹெர்னே கால்வாய்தான் இருக்கிறது. கடலில் கால் நனைக்க வேண்டுமென்றால் ஏ3 நெடுஞ்சாலையில் ஏறி, ஆர்னெம் தாண்டி, ஒல்லாந்தின் ஸ்கெவனிங்கன் கரை வரை இரண்டரை மணி நேரம் ஓட வேண்டும். குளிர்காலத்தில் கடலில் நீந்தப் போகிறேன் என்றால் எல்லாரும் தண்ணீரைப் பற்றித்தான் கேட்கிறார்கள். எனக்குப் பயம் அந்த இரண்டரை மணி நேரம்.

எனக்கு மோர்புஸ் க்ரோன். குடலில் வீக்கமும் புண்ணும் வரும் வருத்தம். முற்றாக மாறாது. சில மாதம் அடங்கியிருக்கும், பிறகு கிளம்பும். கிளம்பினால் ஒரு நாளில் பத்துத் தரம் ஓட வேண்டிவரும். "கொஞ்சம் பொறு" என்று வயிற்றுக்குச் சொல்ல முடியாது.

பதினாறு வயதில் இதைக் கண்டுபிடித்தபோது அம்மா முதலில் சொன்னது: "ஒருத்தருக்கும் சொல்லாதை." நாளைக்குக் கலியாணம் பேசும்போது குறுக்கே வரும் என்ற பயம். அதனால் ஹம் காமாட்சி அம்மன் தேருக்கு மூன்று வருடம் போகாமல், "சோதனை இருக்கு" என்று பொய் சொன்னேன். மாமிமாருக்கு நான் பெரிய படிப்பாளி. என் மார்க்ஸ் அப்படிச் சொல்லாது.

அம்மாவில் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அவ சொன்னது பிழை என்று இப்போது நினைக்கிறேன். அதைக் கடல்தான் காட்டியது.

முதலில் ஒன்று. ஐஸ் தண்ணீரில் இறங்கினால் குடல் வீக்கம் ஓடிவிடும் என்று போனில் வீடியோ போடுகிறவர்களை நம்பாதீர்கள். குளிர்ந்த நீர் க்ரோனையோ கொலிட்டிஸையோ மாற்றும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. ஊசியை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போகிறவன் பைத்தியக்காரன். நான் நீந்துவது மருந்துக்காக இல்லை. இவ்வளவு காலம் என்னை வெட்கப்படுத்திய உடம்பு, ஐந்து நிமிடமாவது நான் சொன்னதைச் செய்கிறதே, அந்தச் சந்தோசத்துக்காக.

அந்த ஐந்து நிமிடத்துக்கும் நிபந்தனை இருக்கிறது. 15 பாகைக்குக் கீழே உள்ள நீரில் சட்டென்று இறங்கினால் மூச்சு தானாக இழுபடும், இதயம் படபடக்கும். அந்த நேரத்தில் தலை தண்ணீருக்குள் இருந்தால் முடிந்தது. மெல்ல இறங்கி, மூச்சு அடங்கும் வரை நீந்தாமல் மிதக்க வேண்டும். தனியே போகவே கூடாது. எங்களைப் போன்றவர்களுக்கு இரத்தச்சோகை இருக்கலாம், மருந்து எதிர்ப்புச் சக்தியைக் குறைத்திருக்கலாம். டொக்டரைக் கேட்காமல் போகாதீர்கள். அப்பா இதற்கு ஆழிக்குமரன் ஆனந்தனைத்தான் இழுப்பார். 1971இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த வல்வெட்டித்துறைக்காரர், 1984இல் ஆங்கிலக் கால்வாயில் உயிரை விட்டார். அப்பா அந்தப் பேரைச் சொன்னால் நான் வாய் திறக்க மாட்டேன்.

சரி, ரொயிலற். ஸ்கெவனிங்கனில் ஒவ்வொரு ஜனவரி 1ஆம் திகதியும் ஆயிரக்கணக்கான சனம் செம்மஞ்சள் தொப்பியோடு கடலுக்குள் ஓடும். ஏறி வந்தால் பட்டாணி சூப் கொடுப்பார்கள். பட்டாணி! என் குடலுக்கு அதைவிடப் பெரிய எதிரி இல்லை. அந்தக் கூட்டத்துக்குள் நான் போகமாட்டேன். வேறொரு நாள், சனம் இல்லாத நேரம், ரொயிலற் எங்கே என்று முதலே பார்த்துவிட்டுப் போவேன்.

இதற்கு யேர்மனியில் ஒரு சாவி இருக்கிறது. ஒய்ரோஷ்லூசல். டார்ம்ஸ்டட்டில் இருக்கும் சிபிஎஃப் என்ற அமைப்பு 1986இல் தொடங்கியது. நெடுஞ்சாலைத் தரிப்பிடங்கள், ரயில் நிலையங்கள் என்று ஆயிரக்கணக்கான மாற்றுத்திறனாளி ரொயிலற்றுகளை அந்த ஒரே சாவி திறக்கும். க்ரோன், கொலிட்டிஸ் உள்ளவர்களுக்கும் டொக்டரின் கடிதத்தோடு கிடைக்கும். எனக்கு இது இருபது வயது வரை தெரியாது. ஏன்? ஒருத்தருக்கும் சொல்லாததால், எனக்கும் ஒருத்தரும் சொல்லவில்லை.

அமெரிக்க நீச்சல் வீராங்கனை கத்லீன் பேக்கருக்கும் க்ரோன். 2016 ரியோ ஒலிம்பிக்கில் வெள்ளி எடுத்தார், 2018இல் 100 மீற்றர் மல்லாக்கு நீச்சலில் உலகச் சாதனை. அதே ரியோவில் வெள்ளி எடுத்த பிரித்தானியாவின் ஷிவோன்-மரி ஓகானருக்குக் கொலிட்டிஸ். இரண்டு பேரும் வருத்தத்தின் பேரைச் சொல்லியே வெளியில் பேசினார்கள். எங்கள் வீடுகளில் சீனி வருத்தத்தையும் பிரஷரையும் தேத்தண்ணியோடு இருந்து கதைக்கிறோம். குடல் என்றால் மட்டும் கதவைச் சாத்துகிறோம்.

என்னோடு கடலுக்கு வரும் இரண்டு நண்பர்களுக்கும் நான் சொல்லிவிட்டேன். சொல்ல இரண்டு நிமிடம் எடுத்தது. ஒருத்தன் கேட்டது, "அப்ப எத்தனை இடத்தில கார் நிப்பாட்டோணும்?" மற்றவன் போனை எடுத்து வழியில் உள்ள தரிப்பிடங்களைத் தேடத் தொடங்கினான். கலியாணத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை.

அம்மா இன்னும் முழுதாக ஒத்துக்கொள்ளவில்லை. "தடிமன் பிடிக்கும்" என்கிறா. ஆனால் போன தடவை பையைக் கட்டும்போது துவாய்க்கு மேலே மாற்று உடுப்பும், ஒரு பையில் ரொயிலற் பேப்பரும், அந்தச் சாவியும் வைத்திருந்தா.